சனிக்கிழமைக்கு ஒரு சட்டை

கேள்வி இது: “‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் உழைக்கும் வர்க்கம், இளைஞர் விரக்தி என்று பெரிய வார்த்தைகளைப் போடுகிறார்கள். நான் பார்த்தவரை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் டிஸ்கோ ஆடுகிறான், அவ்வளவுதான். மிகையாகச் சொல்கிறார்களா? அந்தக் கோட்டு கடைசியில் என்ன ஆயிற்று?”

மிகை இல்லை. ஆனால் உங்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமும் இல்லை. 1977 டிசம்பரில் வந்த படத்தை, 1979இல் கெட்ட வார்த்தைகளையும் சில காட்சிகளையும் வெட்டிவிட்டுச் சிறுவர்களும் பார்க்கலாம் என்று மறுபடி வெளியிட்டார்கள். நானும் முதலில் பார்த்தது அந்த வெட்டுப்பிரதியைத்தான், தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில். பாட்டும் ஆட்டமும் மட்டும் மனதில் நின்றன. முழுப் படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது வேறு ஏதோ படம் மாதிரி இருந்தது.

பெயிண்ட் டப்பாவிலிருந்து ஆரம்பிப்போம். முதல் காட்சியில் ஜான் ட்ரவோல்டா நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் ஒரு தெருவில் நடந்து வருகிறார், பின்னால் பீஜீஸ் இசைக்குழுவின் பாட்டு. அந்த நடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கையில் ஆடிக்கொண்டு வரும் டப்பா பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. அவர் நடிக்கும் டோனி மனேரோவுக்குப் பத்தொன்பது வயது. ஹார்டுவேர் கடையில் வேலை. கடையில் தீர்ந்துபோன பெயிண்டை வேறு கடையில் போய் வாங்கிக்கொண்டு வருகிறான். அங்கே வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருக்கிறார். இவன் வழியில் இரண்டு துண்டு பிட்சாவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கடித்தபடி, எதிரே வரும் பெண்களைத் திரும்பிப் பார்த்தபடி, ஒரு துணிக்கடை முன்னால் நின்று, கண்ணாடிக்குள் தொங்கும் சட்டைக்கு ஐந்து டாலர் முன்பணம் கட்டிவிட்டு வருகிறான். முழு விலை கையில் இல்லை.

சினிமாவின் மிகப் புகழ்பெற்ற நடைகளில் ஒன்று, கடைப் பையன் எடுபிடி வேலைக்குப் போய்வரும் நடை. படம் முதல் சில நிமிடங்களிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. பாட்டின் சத்தத்தில் நமக்குத்தான் காதில் விழுவதில்லை.

அடுத்து வருவதுதான் என் கணக்கில் படத்தின் முதுகெலும்பு. டோனி முதலாளி ஃபூஸ்கோவிடம் சம்பளத்தில் கொஞ்சம் முன்னாலேயே கேட்கிறான். ஃபூஸ்கோ கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கடையில் சம்பள நாள் திங்கட்கிழமை. மற்ற கடைகளில் வெள்ளிக்கிழமை கொடுக்கிறார்களே என்றால், அங்கே கொடுத்த பணம் சனி, ஞாயிறில் சாராயத்துக்கும் பெண்களுக்கும் கரைந்துவிடுகிறது, திங்களன்று கையில் கொடுத்தால் எதிர்காலத்துக்குக் கொஞ்சம் நிற்கும் என்கிறார். எதிர்காலம் நாசமாகப் போகட்டும் என்கிறான் டோனி. எதிர்காலத்தை நீ நாசமாக்க முடியாது, அதுதான் உன்னைப் பிடித்து நாசமாக்கும் என்கிறார் ஃபூஸ்கோ. (மூலத்தில் இதைவிடப் பச்சையான வார்த்தை.) அதற்கு டோனி சொல்கிற பதில்: இன்று ராத்திரிதான் எதிர்காலம், அதற்குத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு சட்டை வாங்க வேண்டும், அழகான சட்டை.

சம்பளம் எந்தக் கிழமை வருகிறது என்பதுதான் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள சண்டை. ஆட்டம், போட்டி, காதல் எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டவை.

பிறகு டோனிக்குச் சம்பள உயர்வு கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்கிறான். கட்டட வேலை பார்த்த அப்பா மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நாலு டாலரா, இன்றைக்கு நாலு டாலருக்கு என்ன வரும் தெரியுமா, மூன்று டாலர்கூட வராது என்று சிரிக்கிறார். டோனிக்கு முகம் செத்துவிடுகிறது. வாழ்க்கையில் இரண்டே இரண்டு தடவைதான் எவனாவது என்னை நல்லா செய்கிறாய் என்று சொல்லியிருக்கிறான், ஒன்று டிஸ்கோவில் ஆடும்போது, இன்னொன்று இன்று இந்தச் சம்பள உயர்வு என்கிறான். விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 1970களில் ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி அமெரிக்க சினிமாவில் அதிகம் இல்லை என்பேன். அதே வீட்டில்தான் சாப்பாட்டு மேசையில் அப்பா மண்டையில் ஒன்று வைக்க, வலிக்கிறது என்று கத்தாமல், எவ்வளவு நேரம் வாரின முடி தெரியுமா, அதைப் போய்க் கலைக்கிறாயே என்று கத்துகிறான் மகன். புதுச் சட்டையில் சாஸ் தெறிக்காமல் இருக்கத் துணியைப் போர்த்திக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருகிறான்.

கொஞ்சம் காலத்தையும் ஊரையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்புக்குப் போனது. அதிபர் ஃபோர்டின் மத்திய அரசு கைகொடுக்க மறுத்தபோது, “நகரத்துக்கு ஃபோர்டின் பதில்: செத்துத் தொலை” என்ற பொருளில் டெய்லி நியூஸ் தலைப்பு போட்டது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டும் இருந்தன. நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டணமில்லாமல் இருந்தவை. 1976இல் முதல் முறையாகக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். டோனி போன்ற பையன்களின் அக்கா, அண்ணன்மார் ஏறிப்போன ஏணி அதுதான். கல்லூரிக்குப் போகும் எண்ணம் உண்டா என்று படத்தில் ஒருத்தி அவனைக் கேட்கும்போது அவன் முழிப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஊர் பே ரிட்ஜ். ப்ரூக்ளினின் தென்மேற்கு ஓரம். இத்தாலிய, ஐரிஷ், நார்வே வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்த பகுதி. அதன் தலைக்குமேல் வெரஸானோ பாலம் நிற்கிறது. 1964இல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம். நடு இடைவெளி மட்டும் 4,260 அடி. அதற்கு வழிவிட பே ரிட்ஜில் சுமார் 7,000 பேர் வீட்டைக் காலி செய்தார்கள். டோனிக்கு அந்தப் பாலத்தின் அளவுகள் எல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் இப்படி அவன் வாயில் வருவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஊரில் எங்கு நின்றாலும் கண்ணில் படும் அந்தப் பாலம் மன்ஹாட்டனுக்குப் போவதில்லை. அது போவது ஸ்டேட்டன் தீவுக்கு, இன்னொரு குடியிருப்புப் பகுதிக்கு. பணமும் பத்திரிகை ஆபீசும் நாடக அரங்கும் இருக்கிற மன்ஹாட்டனுக்குச் சுரங்க ரயில்தான். பையன்கள் குடித்துவிட்டுப் பாலத்துக் கம்பியில் தொங்கி விளையாடுகிறார்கள், ரயிலேற நினைப்பதில்லை.

இனி ஆட்டம்.

படத்தில் வரும் ‘2001 ஒடிஸி’ நிஜமாகவே ப்ரூக்ளினில் 64ஆவது தெருவில் இருந்த கிளப். கீழிருந்து வண்ண விளக்கெரியும் அந்தத் தரை மட்டும் படத்துக்காகப் போட்டது, 15,000 டாலர் செலவில். சுவர்கள் இருட்டாக இருந்ததால் பளபளக்கும் அலுமினியத் தாளையும் கிறிஸ்துமஸ் சரவிளக்கையும் ஒட்டினார்கள். கல்யாண மண்டப அலங்காரம் மாதிரிதான். அந்த மலிவு படத்தில் தெரிகிறது, தெரிவதுதான் சரி. மன்ஹாட்டனில் அதே 1977இல் திறந்த, பிரபலங்கள் கூடும் ஸ்டூடியோ 54 கிளப்பின் வாசலில் டோனியை நிற்கக்கூட விட்டிருக்க மாட்டார்கள். இங்கே அவன் உள்ளே நுழைந்ததும் கூட்டம் விலகி வழிவிடுகிறது.

ட்ரவோல்டா மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். டெனி டெரியோ கற்றுக்கொடுத்தார், லெஸ்டர் வில்சன் நடனம் அமைத்தார். எல்லோரும் சொல்லும் அந்தத் தனி ஆட்டத்தை முதலில் நெருக்கமான ஷாட்டுகளாக வெட்டிவைத்திருந்தார்கள். முகம், இடுப்பு, கால் என்று துண்டு துண்டாக. உடம்பு முழுக்கத் தெரிய வேண்டும் என்று ட்ரவோல்டா விடாப்பிடியாக நின்று மாற்றவைத்தார். அவர் செய்தது பெரிய காரியம். துண்டுகளாகக் காட்டியிருந்தால் அது எடிட்டரின் சாமர்த்தியமாகப் போயிருக்கும். தலையிலிருந்து ஷூ வரை ஒரே சட்டகத்தில் தெரியும்போதுதான் இவன் இதற்கு உழைத்திருக்கிறான் என்று தெரிகிறது. கடையில் எட்டு மணி நேரம் விற்ற உழைப்பு வேறு, இது வேறு. இதில் முதலாளி கிடையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தத் தனி ஆட்டத்தில் அவன் வெள்ளைக் கோட்டில் இல்லை. போஸ்டரைப் பார்த்துப் பார்த்து நாம்தான் மாட்டிவிட்டோம்.

பாட்டுகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. பீஜீஸ் சகோதரர்கள் திரைக்கதையைப் படிக்காமலேயே பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் அவற்றைப் போட்டார்கள். டிரம்மர் குடும்ப அவசரத்துக்காக ஊருக்குப் போய்விட்டதால், வேறொரு பாட்டில் அவர் வாசித்ததில் ஒரு துண்டை வெட்டி, டேப்பை வளையமாக ஒட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். முதல் காட்சியின் நடைக்குக் கீழே கேட்கும் அந்த இயந்திரத் தாளம் இப்படி வந்ததுதான். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஸ்டெஃபனி என்ற பெண்ணுக்கு வருகிறேன். அவளும் அதே ஊர்தான், ஆனால் மன்ஹாட்டனில் ஒரு ஆபீசில் வேலை. தேநீர் குடிக்கிறாள், காரணம் ஆபீசில் பெரிய பொறுப்பில் இருக்கும் பெண்கள் தேநீர் குடிக்கிறார்கள். யார் யாரைப் பார்த்தேன் என்று பெயர் பெயராக அடுக்குகிறாள். பெரிய நாடக நடிகர் லாரன்ஸ் ஒலிவியரைச் சொன்னதும் டோனிக்குப் புரியவில்லை. போலராய்டு கேமரா விளம்பரத்தில் வருகிறவர் என்றதும் புரிகிறது. அப்படியானால் அவரிடம் சொல்லி ஒரு கேமராவைக் குறைந்த விலைக்கு வாங்கித் தர முடியுமா என்று கேட்கிறான். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம். ஆனால் இருவரில் யார் அதிகம் நடிக்கிறார்கள் என்று பாருங்கள். அவள் ஒவ்வொரு வாக்கியத்திலும் பிறந்த ஊரைத் துடைத்தெடுக்கப் பார்க்கிறாள், நாக்கு விடமாட்டேன் என்கிறது. அவள் பேச்சு செயற்கையாக இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தப் பாத்திரமே அதுதான் என்பது என் கட்சி.

போட்டிக் காட்சியைத் தவறாக நினைவு வைத்திருப்பவர்கள் நிறைய. டோனியும் ஸ்டெஃபனியும் வெள்ளையில் வந்து ஆடி ஜெயிக்கிறார்கள் என்பார்கள். ஜெயிக்கிறார்கள், உண்மை. ஆனால் எப்படி? அவர்கள் ஆட்டம் மென்மையானது, முத்தத்தில் முடிகிறது. அடுத்து ஒரு புவேர்ட்டோ ரிக்கோ ஜோடி வந்து தரையைக் கொளுத்திவிட்டுப் போகிறது. டோனிக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நடுவர்கள் ஊர்க்காரர்கள், பரிசு ஊர்ப்பையனுக்கு. அவன் நேராகப் போய்க் கோப்பையையும் பணத்தையும் அந்த ஜோடியின் கையில் கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். அவனுக்கு இருந்த ஒரே சொத்து, நல்லா செய்கிறாய் என்ற அந்த ஒரு வார்த்தை. அதுவும் தோல் நிறம் பார்த்துக் கொடுத்தது என்று தெரிந்துவிட்டது.

வெளியே வந்து அவன் கொட்டும் வசனம் முக்கியம். அப்பாவை வேலை இடத்தில் மிதிக்கிறார்கள், அவர் வீட்டுக்கு வந்து எங்களை மிதிக்கிறார், அவர்கள் நம்மை மிதிக்க நாம் அவர்களை மிதிக்க, எல்லோரும் எல்லோரையும் மிதித்துக்கொண்டே இருக்கிறோம் என்கிற மாதிரி போகும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டியைத் தேடி ஒவ்வொருவனும் ஒரு படி கீழே பார்க்கிறான். இதைப் புரிந்துகொண்ட டோனி அடுத்த சில நிமிடத்தில் என்ன செய்கிறான்? காருக்குள் ஸ்டெஃபனியைப் பலவந்தப்படுத்தப் பார்க்கிறான். அவள் உதறிவிட்டு ஓடுகிறாள். அதன்பின் அதே ராத்திரி, அவன்மேல் உயிரையே வைத்திருந்த ஆனெட் என்ற பெண்ணைப் பின் இருக்கையில் அவன் நண்பர்கள் சீரழிக்கிறார்கள், முன் இருக்கையில் இவன் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் பழியை அவள்மேலேயே போடுகிறான். மிதிபடும் வரிசையில் ஆனெட்டுக்குக் கீழே யாரும் இல்லை. இது பார்க்கச் சகிக்காத காட்சி. வெட்டுப்பிரதியில் இதையெல்லாம் மழுங்கடித்துவிட்டார்கள், அதனால் டோனி நல்ல பையனாகிவிட்டான். கொஞ்ச நேரத்தில் பாபி என்ற நண்பன் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். காதலி கர்ப்பமாகி, யாரிடம் யோசனை கேட்பது என்று தெரியாமல் படம் முழுக்க ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு திரிந்த பையன் அவன். ஒருவரும் காதுகொடுத்ததில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்துக்கு மூலம் 1976 ஜூனில் ‘நியூயார்க்’ இதழில் நிக் கோன் எழுதிய கட்டுரை. பே ரிட்ஜ் இளைஞர்களின் சனிக்கிழமைச் சடங்குகளைப் பற்றிய நேரடி அறிக்கை என்று வெளியானது. இருபது வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்: கதாநாயகன் கற்பனை. பிரிட்டனிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த அவருக்கு ப்ரூக்ளின் பிடிபடவில்லை. 1960களில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் தனக்குத் தெரிந்த ஒரு ‘மாட்’ இளைஞனை எடுத்து டிஸ்கோ உடை மாட்டிவிட்டார். பத்திரிகை தர்மப்படி இது மோசடி, சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் பே ரிட்ஜ் அந்தப் பையனை நம்பியது? லண்டன் மாட் பையன்களும் கடையிலும் குமாஸ்தா வேலையிலும் இருந்தவர்கள். வாரச் சம்பளத்தைக் கச்சிதமாகத் தைத்த கோட்டில் போட்டு, வார இறுதியில் விடிய விடிய ஆடி, திங்களன்று வேலைக்குத் திரும்பியவர்கள். ஊரும் இசையும்தான் வேறு. கோன் பொய்யாக எழுதியதில் தெருவும் முகமும் பொய். கிழமைக் கணக்கு சரியாக இருந்தது. திரைக்கதை எழுதிய நார்மன் வெக்ஸ்லர் அதன்மேல் ஃபூஸ்கோவையும் வேலையில்லாத அப்பாவையும் பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டு வரும் அண்ணனையும் ஏற்றினார்.

பொய்யில் விடுபட்டவர்களும் உண்டு. டிஸ்கோ பே ரிட்ஜில் பிறக்கவில்லை. 1970இல் டேவிட் மான்குசோ மன்ஹாட்டனில் தன் வீட்டு மாடியில் தொடங்கிய விருந்துகள், கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் போலீஸ் பயமில்லாமல் ஆடக் கண்டுபிடித்துக்கொண்ட இடங்கள், பிராங்க்ஸில் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் உருவாக்கிய ‘ஹஸல்’ ஆட்டம், இவைதான் அதன் வேர். படத்தில் இவர்கள் ஓரத்தில் வருகிறார்கள், பெரும்பாலும் வசைச்சொல்லாக வருகிறார்கள். போட்டிக் காட்சி ஒன்றில்தான் ஆட்டம் யாருடையது என்பதை டோனி தன் கையாலேயே ஒப்புக்கொள்கிறான்.

ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது கோப்பையை அல்ல, கோட்டை. எண்பதுகளில் நம் படங்களில் டிஸ்கோ என்றால் சுழலும் கண்ணாடி உருண்டை, வில்லனின் கிளப் என்றே வந்து சேர்ந்தது. கடைப் பையன் வழியிலேயே தொலைந்துவிட்டான். அமெரிக்காவிலோ 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் உள்ளே விடுவோம் என்று வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கூட்டம் சேர்த்து, தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அடுத்த ஆட்டமே ரத்தானது. அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அந்தக் குவியலில் கிடந்ததைக் கவனித்தார். மைதானத்துக்குள் பாய்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின இளைஞர்கள். வயதிலும் சாயலிலும் டோனியின் கூட்டாளிகள் என்றே சொல்லலாம்.

கோட்டைக் கேட்டீர்கள். பாலியெஸ்டர், கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, பேண்ட் என்று மூன்று உருப்படி. உடை வடிவமைப்பாளர் பட்ரீசியா வான் பிராண்டன்ஸ்டைன் அதைத் தைக்கக் கொடுக்கவில்லை, கடையில் தொங்கிய ரெடிமேடையே வாங்கினார். ஹார்டுவேர் கடைப் பையனால் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டுமே. வெள்ளையாக எடுத்ததில் ஒரு வசதியும் இருந்தது, கறுப்பாக இருந்திருந்தால் கிளப் இருட்டில் ஆளே தெரிந்திருக்க மாட்டான். படத்தைப் பைத்தியமாக நேசித்த விமர்சகர் ஜீன் சிஸ்கல் ஓர் ஏலத்தில் 2,000 டாலருக்கு அதை வாங்கினார். 1995இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1,45,500 டாலருக்குப் போனது. ஃபூஸ்கோ கொடுத்த உயர்வு நாலு டாலர்.